சிம் தேவையில்லை

ஆற்றின் நடுவில் பாலம் இல்லை. இரண்டு கரைகளிலும் காங்கிரீட் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது, கீழே தண்ணீர் ஓடியது. மிங்கே சைக்கிளைத் தரையில் சாய்த்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"மேப்புல ரோடு இருக்கே" என்றான் சீப்ரன், ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போனைத் தேய்த்தபடி.

"அந்த மேப்பைத் தூக்கி ஆத்துமேல போடு. ஏறிப் போயிடலாம்."

காலையில் பெர்மெத் என்ற ஊரில், காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி ஓட்டுநர் இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துப் பட்டென்று பிரித்துக் காட்டியிருந்தான். பாலம் போச்சு என்பது அல்பேனிய மொழி தெரியாதவர்களுக்கும் புரியும். மிங்கே தார்ச்சாலையிலேயே போகலாம் என்றாள். குறுக்கே போனால் பதினாலு கிலோமீட்டர் குறையும் என்று சீப்ரன் மண்பாதையில் இறங்கிவிட்டான். இப்போது அந்தச் சரளைக்கல்லில், பின்னால் இரண்டு பெரிய பைகளோடு, எட்டு கிலோமீட்டர் மேலே தள்ளவேண்டும். பாதி ஏற்றத்தில் அவன், "ஒருத்தர் சொன்னதை நம்பி ரூட்டை மாத்த முடியுமா?" என்றான். அவள் சைக்கிளைத் தள்ளினாள். மூச்சை மிச்சம் பிடித்தாள்.

ஹாலந்தில் ஸ்நேக் ஊர்க்காரர்கள் இவர்கள். அவன் பள்ளியில் கணக்கு வாத்தியார்; அவள் பிரசவம் பார்ப்பவள். வலி வந்துவிட்டது என்று அழைப்பு வந்தால், எந்த மூலையில் இருக்கும் பண்ணை வீட்டுக்கும் தனியாகக் காரோட்டிப் போய்ச் சேருகிறவள். ஆனால் ஆறு கோடையாக, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே சைக்கிளில் போகும்போதெல்லாம், அவளுடைய போன் பைக்குள் அணைந்தே கிடந்தது. "உன் போன்ல ரோமிங் கிடையாது. நெட் இல்லாம அது வெறும் டப்பா. தெரியாம டேட்டாவைப் போட்டுட்டா ஒரு மாசச் சம்பளம் போயிடும்" என்று சீப்ரன் முதல் வருஷமே சொல்லியிருந்தான். அவனுடைய போனில் எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருப்பதாகவும் சொன்னான். அவள் நம்பினாள். கணக்கு வாத்தியார் சொல்கிறாரே.

சாயங்காலம் பெர்மெத்துக்கே திரும்பி வந்து, காலையில் காலி செய்த அதே விடுதியில் மறுபடி அறை எடுத்தார்கள். சீப்ரன் குளிக்கப் போனான். முற்றத்தில் ஒரு செக் நாட்டுக்காரி தன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். க்வேட்டா என்று பெயர், நாற்பது வயதிருக்கும், தனியாக வந்திருந்தாள். இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் பேசினார்கள்.

"அந்தப் பாலம் போன வருஷமே போச்சே. உன் மேப்பு பழசா?"

"என்கிட்ட மேப்பு இல்ல. வீட்டுக்காரர் போன்லதான் இருக்கு."

"உன்கிட்ட போன் இல்லையா?"

"இருக்கு. ஆனா இந்த ஊர் சிம் இல்ல."

க்வேட்டா எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். "சிம்முக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? எடு போனை."

விடுதி வைஃபையில் தெற்கு அல்பேனியா, வட மாசிடோனியா இரண்டின் வரைபடமும் இறங்க ஏழு நிமிஷம் ஆனது. பிறகு க்வேட்டா விமானக் குறியை அழுத்தி எல்லாத் தொடர்பையும் துண்டித்துவிட்டு, போனை மிங்கே கையில் கொடுத்து முற்றத்தின் நடுவில் நிற்கச் சொன்னாள். அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் ஒரு நீலப் புள்ளி வந்து உட்கார்ந்தது. இந்தத் தெரு, இந்த முற்றம், இந்தக் கட்டடம். மிங்கே வாசல் கேட் பக்கம் நடந்தாள். புள்ளியும் நடந்தது.

"மேலே சுத்துற சாட்டிலைட் உன்கிட்ட காசா கேக்குது?" என்றாள் க்வேட்டா. "மேப்பை மட்டும் முன்னாலேயே இறக்கி வச்சிரு. திருப்பத்துல மட்டும் பாரு, மத்த நேரம் திரையை அணைச்சிடு. சார்ஜ் ரெண்டு நாள் நிக்கும். இது எல்லாருக்கும் தெரியுமே?"

எல்லாருக்கும் தெரியும். மிங்கேவுக்கு முகம் சூடேறியது. வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

மூன்றாவது கோடையின் போஸ்னியா நினைவுக்கு வந்தது. மழை. சீப்ரன் வேகமாக முன்னால் போய்விட, மூன்று பாதைகள் பிரிகிற இடத்தில் அவள் தனியாக நின்றாள். ஓரத்து மரத்தில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை: கண்ணிவெடி. எந்தப் பாதை சரி என்று தெரியாது. தவறான பாதையில் ஒரு அடி வைக்கவும் பயம். மூன்று மணி நேரம் நின்றாள். ஒதுங்கப் பயந்து சாலை நடுவிலேயே சிறுநீர் கழித்தாள். திரும்பி வந்த சீப்ரன் அவளைக் கட்டிப்பிடித்து, "என்னை விட்டுப் பிரியாதேன்னு சொன்னேன்ல?" என்றான். அப்போதும் போன் அவள் இடுப்புப் பையில்தான் இருந்தது.

சீப்ரன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து மேசையில் உட்கார்ந்தான். விடுதிக்கார அம்மா கீரை வைத்துச் சுட்ட பியுரெக் ரொட்டியும் தயிரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மிங்கே போனை அவன் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னன்னு சொல்லு."

அவன் பார்த்தான். "ஓ. இறக்கிட்டியா? நல்லது."

"நல்லதா? இது வேலை செய்யும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"மிங்கே, சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அதுக்கென்ன இப்போ? ரெண்டு பேரும் ஆளுக்கொரு மேப்பைப் பாத்தா ஒவ்வொரு முக்குலயும் சண்டைதான் வரும். ஒருத்தர் வழி பாத்தாப் போதும்னு நினைச்சேன்."

"அந்த ஒருத்தர் நீதான்னு யார் முடிவு பண்ணினது?"

"நீ ஒருநாளும் கேக்கலையே."

"கேட்டேன். போஸ்னியால தொப்பலா நனைஞ்சு நின்னு கேட்டேன், எனக்கும் ஏதாவது ஒரு மேப்பு வேணும்னு. நீ என்ன சொன்னே? வெறும் டப்பான்னு சொன்னே. நான் கண்ணிவெடிப் பலகைகிட்ட மூணு மணி நேரம் நடுங்கிட்டு நின்னதைப் பாத்துட்டு, அதுக்கப்புறமும் சொன்னே!"

குரல் உயர்ந்ததில் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சீப்ரன் கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"நீ என்னை நம்பிப் பின்னால வர்றது எனக்குப் பிடிச்சிருந்தது" என்றான். "வீட்ல உனக்கு நான் எதுக்கும் தேவைப்படுறதில்ல."

உண்மையைச் சொல்லிவிட்டான் என்று தெரிந்தது. அதனால் கோபம் குறையவில்லை, இன்னும் ஏறியது.

"நான் நம்பி வரல சீப்ரன். வேற வழி இல்லைன்னு வந்தேன். ரெண்டும் ஒண்ணில்ல."

மறுநாள் ஆறு மணிக்கு அவள் சாமான்களைப் பிரித்தாள். கூடாரம் தனக்கு, அடுப்பும் பாத்திரமும் அவனுக்கு. சீப்ரன் வாசலில் வெறுங்காலோடு நின்றான்.

"தனியா போகாதே. நாய்ங்க இருக்கு. ஏத்தம் எழுநூறு மீட்டர்."

"எழுநூத்து முப்பது. பாத்துட்டேன்."

"கோபத்துல முடிவெடுக்காதே மிங்கே."

"கோபத்துலதான் எடுக்கிறேன். ஆறு வருஷமா வரவேண்டிய கோபம்."

சாலை பிரிகிற முதல் இடத்திலேயே அவள் வழி தவறினாள். யோசனையெல்லாம் ராத்திரிப் பேச்சில் இருந்தது. கிரேக்க எல்லைக்குப் போகும் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போய்விட்டாள். சந்தேகம் வந்து போனை எடுத்தாள். நீலப் புள்ளி, போகவேண்டிய பாதையை விட்டு விலகி நின்றது. தன்னையே திட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினாள். பதினைந்து நிமிஷ நஷ்டம், அவ்வளவுதான்.

ஏற்றத்தில் கால்கள் கடுத்தன. ஒவ்வொரு வளைவிலும் அவனிடம் சொல்ல விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வர, அதை உரக்கச் சொல்லிக்கொண்டே மிதித்தாள். ஆட்டுக்காரர் ஒருவர் அதிர்ந்துபோய்ப் பார்த்தார். அவருடைய நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது. மிங்கே இறங்கி, சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, டச்சு மொழியில் ஒரு கெட்ட வார்த்தையால் கத்தினாள். நாய் நின்றுவிட்டது. ஆட்டுக்காரர் சிரித்தார். திட்டப்படி அடுத்துத் தங்கவேண்டிய ஊரான லெஸ்கோவிக் எந்தப் பக்கம் என்று அவரிடமும் கையால் கேட்டுக்கொண்டாள். மலையை நோக்கிக் கைகாட்டினார். போனும் அதையேதான் சொன்னது.

லெஸ்கோவிக்கில் அறை எடுத்துக் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது, கூரையில் சைக்கிள் கட்டிய சிற்றுந்து ஒன்று சதுக்கத்தில் வந்து நின்றது. சீப்ரன் இறங்கினான்.

"செத்துப்போயிட்டியோன்னு பயந்துட்டேன்" என்றான்.

"மூணு மணி நேரமா?"

"என்ன?"

"எவ்வளவு நேரம் பயந்தே?"

அவனுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிடு. நாளைக்கு நான் பின்னால வர்றேன். நீ வழி பாரு."

"வேண்டாம். பின்னால யாரும் வரவேண்டாம்னுதான் சொல்றேன். நான் எல்லை தாண்டி, மாசிடோனியாவுல ஓஹ்ரிட் ஏரிக்குப் போறேன். நீ திரானா போய் ஃபிளைட் பிடிச்சு வீட்டுக்குப் போ. அங்க வந்து பேசிக்கலாம்."

நான்காம் நாள் அவள் ஏரிக்கரையை அடைந்தாள். வைஃபை கிடைத்ததும் "வந்து சேர்ந்தேன்" என்று இரண்டே வார்த்தை அனுப்பினாள். வீட்டிலிருந்து சீப்ரன் நீளமாகப் பதில் எழுதியிருந்தான். பாதியில் நிறுத்தாமல் முழுக்கப் படித்தாள். பதில் எழுதுகிற அளவுக்கு மனம் இன்னும் ஆறவில்லை. போனைத் துணிப்பைக்குள் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். நல்ல குளிர்.