நான்காம் மன்றாட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ்ப் பூசை ஞாயிறு மத்தியானம்தான். விசுவாசிகள் மன்றாட்டை வாசிப்பது அன்று ரோஜாவின் முறை. சுக்குக் கிடங்கில் தூசி தின்று அவள் வளர்த்த ஒரே மகன் ததேயு கடற்படைக் கப்பலில் இருந்தான். எல்லையில் சண்டை மூண்டதிலிருந்து ஒன்பது நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தவளை உபதேசியார் சேவியர்தான் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார்.

“டென்ஷன் வேண்டாம்க்கா. மெதுவா வாசிச்சா போதும். நாலாவது சமாதானத்துக்கு, நானே எழுதினது” என்று தாளைக் கொடுத்தார்.

திருச்சபைக்கு, நோயாளிகளுக்கு, மழைக்கு என்று மூன்றை மளமளவென வாசித்தாள். ஒவ்வொன்றும் ‘உம்மை மன்றாடுகிறோம்’ என்று முடிந்ததும், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது கோவில். வாசித்ததைக் காதில் வாங்கியவர்கள் எத்தனை பேரோ! பூசை முடிந்து குடிக்கப்போகும் சாயாவை நினைத்துக்கொண்டே இதைச் சொல்லிவிடலாம்.

நான்காவது: ‘ஊர்களைச் சாம்பலாக்கும் அணுகுண்டை எந்த நாடும் எடுக்காதிருக்கவும், எம் பகைவரின் பிள்ளைகளும் பிழைத்திருக்கவும்…’

பகைவரின் பிள்ளைகளாம்! ரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதிய மகராசனுக்குக் கடலில் யார் இருக்கிறார்கள்? தாளை மடக்கினாள்.

“எம்மவன் கப்பல்ல இருக்கான். அவங்க அவன்மேல கை வைக்கிறதுக்குள்ள நம்ம குண்டு அவங்க ஊர்ல விழணும். அணுகுண்டா இருந்தாலும் சரி. ஒரு குஞ்சு குளுவான் மிஞ்சக் கூடாது. உம்மை மன்றாடுகிறோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

ஒரு குரல்கூடக் குறையவில்லை. சேவியரின் உதடும் அசைந்தது. முதல்முறையாக நற்கருணை, புதுநன்மை, வாங்கவிருந்த சிறுமிகள், முன்வரிசையில் ரெட்டைச் சடையும் கூப்பிய கையுமாக நின்று, எல்லாரையும்விட உரக்கச் சொன்னார்கள்.

ஒன்பது நாளாக மனசுக்குள் அவள் வேண்டிக்கொண்டதுதான். ஆனால் இத்தனை வாய் சேர்ந்து கேட்டபோது அது பலித்துவிடும் என்று தோன்றியது. அங்கேயும் ரெட்டைச் சடைப் பிள்ளைகள் இருப்பார்கள். ரோஜா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் ஆண்டவரே. நான் சொன்னதக் கேக்காதேயும். இவங்க சொன்னதயும் கேக்காதேயும்.”

பதில் வரும் என்று காத்து நின்றாள். சிறுமிகள் திரும்பிப் பெரியவர்களைப் பார்த்தார்கள். பெரியவர்கள் சேவியரைப் பார்த்தார்கள். இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.