ஊசி நுழையாத கோழிக்கூடு

தச்சர் வீட்டுச் சமையலறைக் கதவு ஒரே கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். இழுப்பறையைத் திறக்க முழங்காலால் ஓர் இடி இடிக்க வேண்டும். அலமாரி என்று ஒன்று கிடையாது. டப்பாக்கள் சுவரோரமாகத் தரையில் வரிசையாக நின்றன. அக்கம்பக்கத்தில் பாதி வீடுகளுக்குக் கதவும் கட்டிலும் செய்து கொடுத்த மனிதரின் வீடு இது. அலமாரிப் பேச்செடுத்தால் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "நாளைக்குப் பாக்கலாம்." அந்த நாளைக்குப் பத்தொன்பது வயது ஆகியிருந்தது.

போன வருடம் அந்தக் கதவு கழன்று தச்சர் மனைவியின் காலில் விழுந்தது. கட்டைவிரல் நகம் போயிற்று. அவள் சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டாள். பதினோரு நாள் அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் கொல்லைப்பக்கம் ரம்பச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். தச்சர் தேக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். அலமாரிதான் என்று நினைத்தாள். நாலாம் நாள் அதற்குக் கூரை முளைத்தபோதுதான் அது கோழிக்கூடு என்று தெரிந்தது.

அலமாரி கேட்டவளுக்குக் கோழிக்கூடு. வேறொருத்தியாக இருந்தால் இன்னொரு பதினோரு நாள் வாயைத் திறந்திருக்க மாட்டாள். இவளுக்கு என்னவோ கோபம் வரவில்லை. அவளிடம் முப்பத்திரண்டு கோழிகள் இருந்தன. பழைய பெட்டிகளுக்குள்ளும் சாய்த்து வைத்த தகரத்துக்கு அடியிலும் அவை அடைந்துகொண்டிருந்தன. இந்த மனிதர் அதையெல்லாம் கவனித்திருக்கிறார் என்பதே அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, பேசத் தொடங்கினாள், அவ்வளவுதான்.

கூட்டைக் குறை சொல்ல முடியாது. ஆள் குனிந்து நுழையலாம். சுவருக்கு இரட்டைப் பலகை, நடுவில் மரத்தூள் அடைத்தது; வெயிலும் தாக்காது, குளிரும் தாக்காது. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் நாக்குச் செதுக்கி அடுத்த பலகையின் பள்ளத்தில் சொருகியிருந்தார். கோழிகள் உட்கார ஐந்து கழிகள், அவற்றின் முனைகள் சுவரில் தோண்டிய குழிகளில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. எங்கேயும் ஓர் ஆணி கிடையாது. "ஊசி நுழையாது" என்றார் தச்சர். சும்மா சொன்னதோடு விடவில்லை, ஊசி எடுத்துவரச் சொன்னார். அவளும் தையல் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நுழையவில்லை.

பத்து மாதம் கழித்து ஒரு காலையில், அவளிடம் தினமும் முட்டை வாங்கும் பேக்கரிக்காரர் தட்டு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"அக்கா, ஓட்டு மேல பாருங்க. சின்னச் சின்னதா செவப்புப் புள்ளி. தொடச்சா இழுத்துக்கிட்டு வருது. கேக் வாங்க வர்றவங்க பாத்தா என்னைத்தான் கேப்பாங்க."

அது ரத்தம் மாதிரி இருந்தது. அவளுக்கு வேறு சில விஷயங்களும் அப்போதுதான் ஒன்றுசேர்ந்து நினைவுக்கு வந்தன. முட்டை குறைந்திருந்தது. கொண்டைகள் வெளுத்திருந்தன. சாயங்காலமானால் கோழிகள் கூட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு உள்ளே போக யோசித்தன. முன்பெல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போனவை.

ஒரு கோழியைக் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். டாக்டரம்மா கோழியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தார்.

"கழி முனையில, பலகை இடுக்குல இதை வெச்சு அழுத்தித் தேயுங்க. செவந்துச்சுன்னா செவப்புச் செள்ளு. பகல்ல இடுக்குக்குள்ள தூங்கும். ராத்திரி வந்து கோழி ரத்தத்தைக் குடிச்சிட்டுத் திரும்பப் போயிடும். கோழி மேல தேடினா அகப்படாது. வீட்டைத்தான் தேடணும். கூடு எதுல செஞ்சது?"

"தேக்கு. ரெட்டைப் பலகை. எங்க வீட்டுக்காரர் செஞ்சது. ஊசி நுழையாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த மாதிரி இடம்தாம்மா அதுக்கு வேணும். கூட்டைப் பிரிச்சிடுங்க. எரிச்சிட்டா இன்னும் நல்லது. பட்டினி கெடந்தே மாசக்கணக்குல உசுரோட இருக்கும் அது."

"பிரிக்காம ஒண்ணும் பண்ண முடியாதா?"

"ஒரு வெள்ளைப் பொடி இருக்கு. தூவினா செள்ளு காஞ்சு செத்துடும். ஆனா ஈரம் படக்கூடாது. ஈரம் பட்டா வெறும் மண்ணு. ரெட்டைச் செவத்துக்குள்ள அது போகவும் போகாது. தள்ளிப் போடாதீங்க. கோழி செத்துப்போகும்."

வீட்டுக்கு வந்து கழியின் முனையில் காகிதத்தை வைத்துத் தேய்த்தாள். காகிதம் சிவந்தது. இன்னொரு மூலையில் தேய்த்தாள். அங்கேயும் சிவந்தது. காகிதத்தை நாலாக மடித்து அடுப்பில் போட்டாள்.

அவளுக்கு ஒன்றும் புரியாமல் இல்லை. கூட்டைப் பிரித்தால் கோழிகள் பிழைக்கும், கூட்டைக் காப்பாற்றினால் கோழிகள் பிழைப்பது சந்தேகம். அவள் கூட்டைத்தான் தேர்ந்தெடுத்தாள். பொடி வேலை செய்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தச்சரிடம் மூச்சு விடவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் அவர் யார் வீட்டுக்காவது வேலைக்குக் கிளம்பிவிடுவார். நாலு மணிக்கு அவள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கூட்டுக்குள் நுழைவாள். கழிகள், குழிகள், முட்டையிடும் பெட்டிகள் என்று ஓர் இடம் விடாமல் பொடியைத் தூவுவாள். மறுநாள் போய்ப் பார்த்தால் பொடி பிசைந்த மாவு மாதிரி இடுக்குகளில் திரண்டு கிடக்கும். கோழிகள் தண்ணீரைச் சிந்துகின்றன என்று நினைத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தை வெளியே வைத்தாள். அப்போதும் ஈரம் இருந்தது. அப்படியானால் கூரை ஒழுகுகிறது. மழையே இல்லாத மாதத்தில் கூரை எப்படி ஒழுகும் என்று கேட்க அவள் மனசு இடம் கொடுக்கவில்லை. பாவம், இதுவும் தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார் என்று அதையும் சேர்த்து மறைத்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இருவரும் கையைச் சொறிந்துகொண்டார்கள்.

"என்ன, சொறிஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"

"மரத்தூளு. நீ?"

"சோப்பு ஒத்துக்கல போல."

சோப்பு என்றதும் தச்சருக்குப் புரையேறியது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

இப்படியே ஐந்து வாரம் ஓடியது. செள்ளு குறையவில்லை. முட்டை பாதியாகிவிட்டது. கோழிகளில் பெரிய டீச்சர் என்று ஒன்று உண்டு. புள்ளிக் கோழி. மற்றவற்றுக்கு முன்னால் நிமிர்ந்து நடக்கும், தாமதமாக வருகிற கோழியைக் கொத்தும். அவள் கொல்லைக்கு வந்தால் கூடவே நடந்து வந்து, அவள் என்ன செய்கிறாள் என்று மேற்பார்வை பார்க்கும். அது அடைகாக்க உட்கார்ந்திருந்தது. மற்ற கோழிகளாவது பகலில் வெளியே வந்து தப்பித்தன. இது இரவும் பகலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஒருநாள் காலையில் அதைத் தூக்கினாள். எடையே இல்லை. கொண்டையில் ரத்தச் சிவப்பு துளிகூட மிச்சமில்லை. முட்டைகள் சில்லிட்டிருந்தன.

கொல்லைக் கோடியில் குழி தோண்டிப் புதைத்தாள். தான்தான் கொன்றோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மண்ணைத் தள்ளும்போது அழுதாள், முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

"பெரிய டீச்சரைக் காணுமே" என்றார் தச்சர், சாப்பிடும்போது.

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு."

சாப்பாட்டில் இருந்த தச்சரின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

மறுநாள் பேக்கரி பூட்டியிருந்தது. வழக்கமாக முட்டையை எண்ணிக் கொடுத்து, காத்திருந்து காசு வாங்கித் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். அன்று கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். கொல்லையில் கரகரவென்று ஏதோ தேய்க்கிற சத்தம். போய்ப் பார்த்தால், கூட்டுக்குள் தச்சர் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி நிறையச் சோப்புத் தண்ணீர், கையில் பிரஷ், மூக்கு நுனியில் கண்ணாடி.

"என்ன பண்றீங்க?"

தச்சர் திருடன் மாதிரி முழித்தார்.

"பூஞ்சை" என்றார்.

"என்ன பூஞ்சை?"

"வெள்ளையா பூத்துக்கிட்டே இருக்கு. தெனம் காலையில நீ போனதும் கழுவி விடறேன். மறுநாள் பாத்தா மறுபடியும் பூத்திருக்கு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பூஞ்சையை நான் பாத்ததே இல்ல."

அவள் வாளியை எட்டிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் தூவிய பொடி தண்ணீரில் வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது.

"அது பூஞ்சை இல்ல. நான் தூவின மருந்து. ஈரம் படக்கூடாத மருந்து."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே பெரிய டீச்சரின் நினைவு வந்தது, சிரிப்பு போய்விட்டது.

"எதுக்கு மருந்து?" என்றார் தச்சர்.

"எதுக்குச் சோப்புத் தண்ணி?"

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரித் தடிப்புகள்.

"செள்ளு" என்றார் தச்சர், தாழ்ந்த குரலில். "ஆறு வாரமாத் தெரியும். மரக்கடையில விசாரிச்சேன். சோப்புத் தண்ணியில செத்துடும்னாங்க. உன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது? ஊசி எடுத்துட்டு வான்னு சொன்னவன் நான்."

அவள் கூட்டு வாசலில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நாய் வரவில்லை என்பதைச் சொன்னாள். டாக்டரம்மா முதல் நாளே பிரிக்கச் சொன்னதையும் சொன்னாள்.

"மொத நாளேவா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க எனக்குன்னு செஞ்சது இது ஒண்ணுதான்."

தச்சர் பிரஷை வாளிக்குள் போட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பத்து சாமான் செஞ்சு குடுத்திருந்தா, மொத நாளே பிரிச்சிருப்ப."



அன்று தச்சர் வேலைக்குப் போகவில்லை. உளியும் சுத்தியும் எடுத்துவந்து கூரையிலிருந்து ஆரம்பித்தார். அவள் கொல்லையில் நெருப்பு மூட்டினாள். இறுக்கமாகச் செய்த வேலை, இறுக்கமாகவே கழன்றது. பள்ளத்திலிருந்து நாக்கை உருவ ஒவ்வொரு பலகைக்கும் கால் மணி நேரம் பிடித்தது. முதல் உள்பலகை வந்ததும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். நடுவில் இருந்த மரத்தூள் சாம்பல் நிறமாகியிருந்தது, அசைந்துகொண்டிருந்தது. தச்சர் பலகையை நெருப்பில் போட்டார். அதன் பிறகு எதையும் குனிந்து பார்க்கவில்லை, கழற்றினார், போட்டார்.

கடைசியில் கதவு மட்டும் மிச்சம். அதில் அவர் ஓரமெல்லாம் கொடி மாதிரி செதுக்கியிருந்தார்.

"கதவு தனிதானே" என்றார். "கழியும் இல்ல, செவரும் இல்ல. இதுல இருக்காது."

அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளே குனிந்து கதவுப் பலகைகள் சேரும் இடத்தில் அழுத்தித் தேய்த்தாள். காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். பிறகு கதவைத் தானே இழுத்துக்கொண்டு போய் நெருப்பில் சாய்த்தாள். தேக்கு நின்று நிதானமாக எரிந்தது. முப்பத்தோரு கோழிகளும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தன.

கோழிகளுக்கு டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்தார். புதுக் கூட்டைத் தச்சர் இரண்டே நாளில் நிறுத்தினார். இரும்புக் குழாயும் தகரமும். பார்க்கச் சகிக்காது. உட்காரும் குழாய்களைக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார், கூட்டின் கால்களை எண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தியிருந்தார். அரை மணி நேரத்தில் மொத்தத்தையும் கழற்றிக் கழுவிவிடலாம். முதல் சாயங்காலம் கோழிகள் வாசலில் நின்று யோசித்தன. இரண்டாம் நாளும் யோசித்தன. ஒரு வாரத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நுழைந்தன. வாராவாரம் அவள் காகிதம் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். காகிதம் வெள்ளையாகவே வந்தது. முட்டைத் தட்டைப் பேக்கரிக்காரர் தலைகீழாகக்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நாலாவது வாரம் அவள் முட்டை கொடுத்துவிட்டு வந்தபோது சமையலறைச் சுவரில் அலமாரி இருந்தது. டப்பாக்கள் தரையில் நின்ற வரிசையிலேயே மேலே ஏறியிருந்தன. சாதாரணப் பலகை. பின்பக்கம் அடைக்கவில்லை. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும்.

அவள் இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"நாலே நாலு திருகுதான்" என்றார் தச்சர், வாசலில் நின்றபடி. "பிடிக்கலன்னா நீயே கழட்டிடலாம். என்னைக் கேக்கணும்னு இல்ல." ஒரு திருப்புளியை அவள் கையில் கொடுத்துவிட்டு அலமாரியைக் காட்டினார். "பத்துல இது ரெண்டாவது."

அவள் திருப்புளியை உள்ளே வைப்பதற்காக முழங்காலால் இழுப்பறையை இடித்தாள். அது திறக்கவில்லை. இன்னொரு முறை இடித்தாள்.

"அது மூணாவது" என்றார் தச்சர்.

"நாளைக்கா?"

தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். செங்கல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தார்.