செருப்புகளின் வரிசை

எங்கள் சுகாதார நிலையத்தில் டோக்கன் கொடுப்பவள் நான், ஸ்டெல்லாமேரி. கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். எடுத்த பெயரை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

இங்கே ஒரு நாளைக்கு நூற்றிருபது நோயாளிகள். டாக்டர் ஒரே ஒருவர், லினெட். மதியச் சாப்பாட்டை அவர் நாலு மணிக்குத்தான் திறப்பார். இன்னொரு டாக்டர் வேண்டுமென்று மூன்று வருடமாகச் சுகாதாரத் துறைக்கு எழுதிக் கேட்டோம். கடைசியில் ஒரு பதில் வந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் நோயாளி எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளக்கப் போகிறார்களாம். சராசரி இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டாவது டாக்டர் உண்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களிடமா காத்திருப்புக்குப் பஞ்சம்?

அளக்க வந்தவர் முகிலன். காலாப்பட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து ஐந்தரைக்கே வந்துவிட்டார். எட்டு மணிக்கு நான் போனபோது மனிதர் வாசலில் தனியாக நின்றிருந்தார். அவர் காலடியிலிருந்து தெருமுனை வரை செருப்புகள், ஜோடி ஜோடியாக.

"மேடம், ஆளுங்க எங்க?"

"இதான் ஆளுங்க. எண்ணிக்குங்க."

வீராம்பட்டினத்து மீன்காரப் பெண்கள் ஐந்து மணிக்கே பழைய செருப்பை வரிசையில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார்கள். நான் வந்து ஒவ்வொரு செருப்பின் வாரிலும் ஒரு டோக்கன் செருகுவேன். மீன் விற்றதும் அவரவர் முறைக்கு வந்து நிற்பார்கள். இந்த வரிசையில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. முதலில் கிடந்த, ஊக்கு குத்திய நீலச் செருப்பு மணியம்மாளுடையது. காலில் சர்க்கரைப் புண், வாராவாரம் வருவார்.

முகிலன் நேர்மையான பிள்ளை. ஒவ்வொரு செருப்புக்கும் 'காத்திருப்புத் தொடக்கம் 5.30' என்று எழுதினார். நான் மனக்கணக்குப் போட்டேன். சராசரி நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அன்றைக்கே ஸ்டோர் ரூமைக் கூட்டி, புது டாக்டருக்கு ஒரு நாற்காலியும் துடைத்துப் போட்டேன்.

ஆனால் படிவத்தில் இன்னொரு கேள்வி இருந்தது. நோயாளியே தன் வாயால் நேரத்தைச் சொல்ல வேண்டும்; சராசரிக்கு அதுதான் கணக்கு. யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டாக்டர் அறையிலிருந்து மணியம்மாள் வெளியே வந்தார்.

"எவ்ளோ நேரம் காத்திருந்தீங்கம்மா?"

மணியம்மாள் முகிலனை ஏற இறங்கப் பார்த்தார். வெளியாள், கையில் பேனா, கேள்வி வேறு.

"நானா? ஒரு நிமிசங்கூட இல்ல தம்பி. வந்தேன், காட்னேன், போறேன். எங்க டாக்டரம்மா மாதிரி பாண்டி பூரா தேடுனாலும் கிடைக்காது. நல்லா எழுதிக்கோ!"

பின்னால் வந்த அத்தனை பேரும் அதையே ஒப்பித்தார்கள்; மிஞ்சிப்போனால் பத்து நிமிடம் என்றார்கள். ஒருத்தி கூடுதலாக, "டாக்டரம்மாதான் எங்களுக்காகக் காத்திருக்கும்" என்றாள்.

சராசரி ஆறு நிமிடம்.

அடுத்த மாதம் சிறந்த நிலையம் என்று சான்றிதழ் வந்தது, கண்ணாடிச் சட்டத்தோடு. இரண்டாவது டாக்டர் வேறு எங்கோ போனார். லினெட் அந்தச் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, நாலேகால் மணிக்கு ஆறிப்போன சாம்பார் சாதம் சாப்பிட்டார். பார்க்கவே பொறுக்கவில்லை. அந்த வாரம் வந்த மணியம்மாளைப் பிடித்துக் கத்தினேன்.

"நீங்க காத்திருக்கவே இல்லியாம், அதான் ரெண்டாவது டாக்டர் இல்லியாம்! போதுமா?"

"டாக்டரம்மாவ வெளியாளுகிட்ட விட்டுக் குடுக்க முடியுமா ஸ்டெல்லா?" என்றார்.

அதற்கடுத்த வாரம் எட்டு மணிக்குப் போனேன். வரிசையில் செருப்புகள் இருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் பக்கத்தில் அதற்கு உரியவளும் இருந்தாள். நாற்பத்து மூன்று பேர், விற்காத மீன் கூடையோடு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணியம்மாள் புண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சு மணிலேர்ந்து நாங்களே உக்காந்திருக்கம். அந்தத் தம்பிய வரச் சொல்லு, எழுதிக்கட்டும்."

முகிலன் மறுபடி அளக்க வருவது மூன்று வருடம் கழித்துத்தான். அதைச் சொல்ல வாய் வராமல், டோக்கனை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டே போனேன்.