சூறாவளிக்கு விட்ட மூன்று வரி

1

ஒரு சுவரொட்டியை நான் பாதி படித்ததால் பிறந்த கதை இது. முழுக்கப் படித்திருந்தால் உங்களுக்கு ஒரு கதை படிக்கிற வேலை மிச்சமாகியிருக்கும்.

நானும் என் நாத்தனாரும் ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில் படிக்கட்டு துடைக்கிறோம். நான் நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவள். அவளுக்கு எழுத்து தெரியாது. துடைக்கிற வேகத்தைப் பார்த்துக் கட்டடமே அவளைச் சூறாவளி என்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பொன்னிறக் கதிரவன் தன் ஆயிரம் கரங்களால் படிக்கட்டை—"

[அடித்துவிட்டேன். எங்கள் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது. டியூப்லைட்தான்.]

2

சுவரொட்டி மூன்றாம் மாடித் திருப்பத்தில் இருந்தது. நின்று படித்தால் மேற்பார்வையாளர் கத்துவார். அதனால் துணியைப் பிழிகிற நேரத்தில், ஒரு நாளைக்கு ஒரு வரி. முதல் நாள் கிடைத்த வரி: "தினசரி உடல் உழைப்பு, பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும்."

"அடியே, நமக்கெல்லாம் அது வராதுடி! ஏழு மாடி ஏறி இறங்குறோமே, எழுதியே போட்டுட்டாங்க."

"நெஜமாவா அண்ணி?"

"எழுதினது பொய்யாவா இருக்கும்?"

"அப்ப கணக்குப் பிரிவு அக்கா பாடுதான் கஷ்டம். தண்ணி பாட்டில்கூட உக்காந்த எடத்துக்கே வரணும் அவங்களுக்கு."

[இந்த இடத்தில் அவள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள். எழுதும்போதுதான் எனக்கு அது உறைக்கிறது.]

மறுநாள், பெண்களைப் பரிசோதிக்கக் கீழ்த்தளத்துக்கு ஒரு நர்ஸ் வந்தார். வரிசையில் நின்ற சூறாவளி பாதியில் விலகிவிட்டாள். "நமக்குத்தான் வராதே, எதுக்கு வேலையக் கெடுக்கணும்?"

அன்று மதியம் நான் இரண்டாவது வரிக்கு வந்தேன்: "குறைக்கும், அறவே தடுத்துவிடாது. கட்டி தென்பட்டால் உழைப்பவரும் உடனே காட்ட வேண்டும்."

வாளி உருண்டு படியெல்லாம் தண்ணீர்—

[இல்லை, உருளவில்லை. வாளி வைத்த இடத்தில் இருந்தது. நான்தான் ஐந்தாம் மாடிக்கு ஓடினேன்.]

"ஏய், உனக்குக் கட்டி கிட்டி ஏதாச்சும் இருக்கா?"

"இடது பக்கம். பட்டாணி அளவு. ரெண்டு மாசமா." அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "நேத்துதான் அண்ணி நல்லாத் தூங்கினேன். நீ வராதுன்ன பாரு, அந்த தைரியம்."

3

அவளை இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். நர்ஸ் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, இன்னும் ஒருத்தி பாக்கி!"

தொட்டுப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அப்ப நாங்க மாடி ஏறினதெல்லாம் வீணா?"

"வீணெல்லாம் இல்லம்மா. நடக்கிறது, ஏறுறது, வீட்டு வேலை, எல்லாமே நல்லதுதான். வாய்ப்பு கொறையும். ஆனா கொறையுறதும் இல்லாமப் போறதும் ஒண்ணா?"

"புரிஞ்சிருச்சு," என்றாள் சூறாவளி. "எங்க சம்பளம் மாதிரி. கொறையும், ஆனா வந்துரும்."

நர்ஸ் சிரித்துக்கொண்டே சீட்டில் முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டார்.

4

ஆஸ்பத்திரியில் ஊசி வைத்துத் துணுக்கு எடுத்திருக்கிறார்கள். முடிவு வியாழக்கிழமை. கதை அதுவரை பொறுக்குமா? இரண்டு முடிவு எழுதினேன்.

ஒன்று: வெறும் கொழுப்புக் கட்டி. சூறாவளி ஏழு மாடியையும் ஒரே மூச்சில் துடைக்கிறாள்.

இரண்டு: அந்த நோயேதான், ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள். கணக்குப் பிரிவு அக்கா லிஃப்டை விட்டுப் படியிறங்கி, மூச்சு வாங்க அவளைப் பார்க்க வருகிறார்.

இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"ரெண்டுலயும் நான் பொழச்சுக்கிறேனே?"

"சாகடிக்க மனசு வரலடி."

"உன் மனசுல என்ன இருக்குன்னா அவங்க ஊசி போட்டுப் பாத்தாங்க? இந்தத் தடவ நீ முந்திக்காத அண்ணி. எடம் விட்டு வை. நானே வந்து சொல்றேன், அப்ப எழுது."

நான் எதை எழுதி வாசித்தாலும் நம்புவாள். அதனால்தான் கை ஓட மறுக்கிறது.

மூன்று வரி விட்டிருக்கிறேன். அவசரம் தாங்காதவர்கள் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம். அவள் வந்து வேறு ஏதாவது சொன்னால் அழிக்க வேண்டியிருக்கும்.

…………………………

…………………………

…………………………