இன்னும் மொட்டுதான்

...இன்றைக்கும் மொட்டு என்றே சொல்லிவிடலாம், நெதர்லாந்திலிருந்து எட்டிப் பார்க்கவா போகிறாள் கவிநிலா, ஆனால் ஜன்னலோரத் தொட்டியில் ஹயசிந்த் பூ ஊதாக் கொத்தாக விரிந்து என்னையே முறைக்கிறது, விரிந்து சில நாளாகிறது... ஆவணியில் வந்த மகள், கொண்டுவந்த பாக்கெட்டில் பாதிக் கிழங்குகளை எனக்கு வைத்துவிட்டு, மீதியைத் தனக்கென்று எடுத்துப் போனாள், இந்த ஊர் வெயிலுக்குப் பூக்காதாம், ஃப்ரிட்ஜில் குளிரவைத்து ஏமாற்ற வேண்டுமாம், கீரைக்கட்டுக்குப் பின்னால் மாதக்கணக்கில் வைத்திருந்தேன், பக்கத்து வீட்டுத் தமிழ்செல்வி பார்த்துவிட்டு, "இன்னாக்கா, வெங்காயத்துக்கு இவ்ளோ மரியாதயா?" என்று சிரித்தாள், சிரிக்கட்டும், அவள் வீட்டில் பேச ஆள் இருக்கிறது. இந்த வேங்கிக்கால் வீட்டில் அவர் போன பிறகு டிவி பேசுகிறது, குக்கர் கத்துகிறது, அவ்வளவுதான்... முன்பெல்லாம் கவிநிலா ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள், சாப்பிட்டியா என்பேன், நீ சாப்பிட்டியா என்பாள், பேச்சு தீர்ந்துவிடும். கிழங்கைத் தொட்டியில் வைத்ததிலிருந்து தினமும் போன், இலை வந்ததா, மண் காய்கிறதா, வெயில் படுகிறதா... பூத்துவிட்டால்? பூத்த பிறகு எங்களுக்குப் பேச என்ன இருக்கிறது?

முதல் பூ அண்ணாமலையாருக்கு என்று வேண்டிக்கொண்டேன், சாமிக்கு வைக்கிற பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது, அதனால் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் வாயால் மூச்சு விடுகிறேன், பைத்தியக்காரி மாதிரி. வெட்டி எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினால் கோயில், ஆனால் வெறும் தொட்டியை வைத்துக்கொண்டு எதைச் சொல்லி அவளைப் பேசவைப்பது, கத்தரிக்கோலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், கொத்தின் அடியில் இருக்கும் பூக்கள் வாடத் தொடங்கிவிட்டன, சாமியையும் ஏமாற்றுகிறேன், பெற்ற பெண்ணையும்... போன் அடிக்கிறது.

"என்னம்மா, பூத்துடுச்சா?"

"எங்கடி, இன்னும் மொட்டுதான்."

"சரி, அவசரப்படாத. நாளைக்குக் கேக்கறேன்." வைக்கப் போனவள் கொஞ்சம் நிறுத்தினாள். "என்னோடதும் அப்படியேதாம்மா இருக்கு."

வைத்துவிட்டாள். பாவம், அவளுடையதும்... ஆனால் அவள் எனக்கு முன்னாலேயே தொட்டியில் வைத்தவளாயிற்றே, எனக்கு இலை வரும்போதே அங்கே மொட்டு வந்துவிட்டது என்று குதித்தவள், அந்த மொட்டு இத்தனை நாளாகவா விரியாமல் இருக்கும், ஒருநாளாவது வீடியோவில் காட்டும்மா என்று என்னிடம் கேட்டாளா, நான்தான் அவளைக் கேட்டேனா... அப்படியென்றால் நாளைக்கு எங்களில் யார் முதலில் பூத்துவிட்டது என்று சொல்வது?