வெயில் படாத நீலம்

ஊறிய சட்டையின் காலரில் இருந்த மருந்துக் கறையை அவள் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தபோது முன்னறையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அங்கே பெஞ்சில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் போன உயிர். மூன்று மணிக்கு வண்டி வரும். அதற்குள் இந்த நீலச் சட்டை காய வேண்டும்.

அதை ஊறப் போட்டது அவரேதான், நேற்று மாலை. டாக்டரிடம் போய்வந்த களைப்பில் மருந்தை மேலே கொட்டிக்கொண்டார். எழுந்து நிற்கவே தெம்பில்லாத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு போய், சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்தார். ஓட்டல் சலவைப் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். வீட்டிலும் கலர் துணியை அவளைத் தொட விடமாட்டார். சுடுதண்ணீர் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, வெயில் கூடவே கூடாது. சட்டைக்குப் பதினாறு வயது ஆகியும் நேற்று வாங்கியது போலிருந்தது. அந்தப் பதினாறு வருஷத்தில் வெளுத்ததெல்லாம் அவள் தலைமுடிதான்.

நேற்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு என்னைவிட இந்தச் சட்டதான் பெருசு. நீங்க கண்ண மூடுங்க, எல்லாத்தையும் கொண்டுபோய் வெயில்ல போடுறேன் பாருங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டார். அதுதான் அவரிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு. நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தச் சட்டையைப் போட்டாவது அவரை அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

மணி பத்தரை ஆகியிருந்தது. நிழலில் போட்டால் சாயங்காலம்தான் காயும். வேறு வழியில்லாமல் சட்டையை நேராகத் திருப்பி, பின்முற்றத்துக் கொடியில் நல்ல வெயிலில் போட்டாள். சொன்ன சொல் இவ்வளவு சீக்கிரம் பலித்திருக்க வேண்டாம்.

அரைமணி கழித்து வந்தால் கொடி காலியாக இருந்தது. சட்டை தகரக் கூரைக்கு அடியில், சுவரோரக் கம்பியில் தொங்கியது. உள்பக்கம் வெளியே, தலைகீழாக, அடிமடிப்பில் இரண்டு பக்கத் தையலிலும் ஒவ்வொரு கிளிப். கிளிப் தடம் தெரியக் கூடாதென்று மாஸ்டர் அப்படித்தான் மாட்டுவார்.

டம்ளர்களைக் கழுவ வந்த நாத்தனாரிடம், "நீயா இத மாத்திப் போட்ட?" என்று கேட்டாள்.

"எத அண்ணி? அண்ணன் பக்கத்துலேர்ந்து இப்பத்தானே எழுந்து வர்றேன்."

மகன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "நானாம்மா? கிளிப் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது."

அது உண்மை. குளித்த துண்டைக்கூடக் காயப்போட்டு அறியாதவன்.

மறுபடியும் வெயிலுக்குக் கொண்டுபோனாள். இந்த முறை பின்வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். பின்முற்றத்துக்கு வேறு வழி கிடையாது. ஏதோ தாளில் கையெழுத்து வேண்டுமென்று மகன் அங்கேயே கொண்டுவந்து நீட்டினான். குனிந்து போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கொடியில் சட்டை இல்லை. கூரை நிழலில் தலைகீழாக, கொஞ்சம்கூட ஆடாமல் தொங்கியது. கொடியிலிருந்து கூரை வரைக்கும் சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம். கால் தடம் எதுவும் இல்லை.

மகன் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. யாரையாவது கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? பயத்தோடேயே எழுந்து போய், கூரைக்கு அடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, உங்க இஷ்டம். நான் தொடல."

அதற்குப் பிறகு சட்டை நகரவில்லை.

இரண்டு மணிக்கு மகன் வந்தான். "இன்னும் ஈரமாவே இருக்கேம்மா. குடு, அயர்ன் பண்ணித் தர்றேன், அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும்."

"ஈரத்துல சூடு பட்டா கலர் மங்கிடும்டா."

"இனிமே மங்கினா என்னம்மா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் திரும்பிப் போனான்.

மூன்று மணிக்குச் சட்டை முக்கால்வாசி காய்ந்திருந்தது. காலரிலும் கைப்பட்டியிலும் மட்டும் ஈரம் இருந்தது. நேராகத் திருப்பினாள். நீலம் ஒரு இழைகூட இறங்கவில்லை. முன்னறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

காலையில் நாத்தனாரும் மகனும் சேர்ந்து மடக்கப் பார்த்தும் மடங்காத கை, இப்போது அவள் தொட்டதும் வளைந்துகொடுத்தது. சட்டைக் கைக்குள் மெதுவாக நுழைத்து, மறுமுனையில் விரல்களைப் பிடித்து வெளியே எடுத்தாள்.

விரல்கள் ஈரமாக இருந்தன. நுனிகள் வெளுத்து ஊறி, சுருக்கம் சுருக்கமாக, காலையிலிருந்து தண்ணீருக்குள்ளேயே இருந்தவை மாதிரி.

"அம்மா, வண்டி வந்துடுச்சு," என்றான் மகன் கதவுக்கு வெளியே.

"இருடா. வர்றேன்."

துண்டை எடுத்துச் சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். தேய்க்காமல், ஒவ்வொரு விரலாக ஒற்றி எடுத்தாள்.