ஊர் பார்க்கும் கற்கள்

ஜீப்பு திரும்பி வர ஐந்து மணி நேரம் இருந்தது. அதற்குள் பெரியப்பாவின் கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுநாள் அந்தச் சரிவைச் சுத்தம் செய்து ஏலம் நடப் போகிறார்கள். சொந்தக்காரர்கள் இருந்தால் வந்து பிடிமண் எடுத்துப் போகலாம் என்று எஸ்டேட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். மலையில் ரோடு வெட்டிய காலத்தில் காய்ச்சலில் இறந்தவர்களைப் புதைத்த இடம் அது. என் பெரியப்பா வீரணனை 1951-இல் அங்கே புதைத்தார்கள். நாங்கள் போனது 1978-இல். நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு, கரட்டுக் குன்றின் அடியில் இருக்கும் எங்கள் ஊர் சிலமலையில் வீட்டில் இருந்தேன்.

அப்பா, அத்தை, நான் என்று மூன்று பேர். அப்பா வெள்ளைத்துரை, பெரியப்பாவுக்குக் கடைசித் தம்பி. நடுவில் பிறந்தவள் அத்தை சுருளியம்மாள். பதினெட்டு வயதில் அண்ணனோடு ரோட்டு வேலைக்குப் போய்க் கல் சுமந்தவள். அண்ணன் இறந்ததும் அவளை ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். பிறகு எந்த மாப்பிள்ளையையும் வேண்டாம் என்று சொல்லி எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மலையில் வேலை பார்த்தும் அந்த இடத்தை அவள் பார்த்ததில்லை. இடுகாட்டுக்குப் பெண்கள் போவது எங்களில் வழக்கமில்லை.

எஸ்டேட் காவல்காரர் பிச்சைமணி கடப்பாரையோடு நின்றிருந்தார்.

“பொம்பளைக உள்ள வரப்படாதே அண்ணே,” என்றார் அப்பாவிடம்.

“இருபத்தேழு வருசமா வரல. நாளைக்கு எடமே இருக்காதுங்கிற. வெலகு அப்பு,” என்று அத்தை என் கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பனி மூட்டத்தில் கற்கள் நின்றன. ஆள் உயரப் பலகைக் கற்கள், நாற்பதுக்குக் குறையாது. எதிலும் பெயர் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துளை மட்டும் இருந்தது. ரூபாய் நாணய அகலத்தில், கல்லைக் குடைந்து மறுபக்கம் வெளியேறியது. வெடிமருந்து வைக்கப் பாறையில் தமர்த்துளை அடித்தவர்கள், கூட்டாளி இறந்ததும் அதே உளியால் இதையும் அடித்திருக்கிறார்கள். கற்கள் வரிசையாக இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் திரும்பி நின்றது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு குழி.

“இது என்னடா குழி?” என்று அப்பா கேட்டார்.

“பொதையலுக்குண்ணே. ஓட்டை எங்கிட்டுக் காட்டுதோ அங்கிட்டுத் தங்கம் கெடக்குன்னு சொன்னாக. நானும் பத்து வருசமாத் தோண்டுறேன்.”

“கெடச்சதா?”

“ஒரு சட்டி கெடச்சுச்சு.”

“சட்டிக்குள்ள?”

“மண்ணு.”

“இத்தனை குழிக்கும் ஏலம் நட்டிருந்தா இன்னேரம் நீதான்டா மொதலாளி.”

பிச்சைமணி சிரிக்கவில்லை. இன்றைக்கும் கடப்பாரை கொண்டுவந்திருந்தார்.

துளைகள் விளக்கு வைக்கும் மாடம் என்றார் அப்பா. எந்தத் துளையில் எண்ணெய்க் கறை அதிகமோ அதுதான் அண்ணன் கல், கூட்டாளிகள் அவருக்கு விளக்குப் போடாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு துளையிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு போனார். எனக்கு அது சரியாகப் படவில்லை. இருபுறமும் திறந்த துளையில் காற்று புகும், சுடர் நிற்காது. நேரான குச்சி ஒன்றை ஒடித்துத் துளைக்குள் விட்டேன். மறுமுனை கீழே சரிந்தது. அடுத்த கல்லிலும் சரிந்தது, ஆனால் வேறு அளவில். கண்ணை வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

வெயில் ஏறியதும் பனி கீழிருந்து கலைந்தது. நான் மறுபடியும் கண்ணை வைத்தேன்.

வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கோடு நகர்ந்தது. மதுரைக்குப் போகும் ரயில். புகை, ஸ்டேஷன், அதைச் சுற்றிப் போடியின் வீடுகள். அந்தத் துளைக்குள் போடியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அடுத்த கல்லுக்கு ஓடினேன். தேவாரம் என்ற ஊர். அதற்கடுத்ததில் எனக்குத் தெரியாத ஏதோ ஊர், தென்னந்தோப்போடு. ஒரு நூல் பிசகியிருந்தாலும் ஊர் தப்பியிருக்கும். எந்தக் கருவியும் இல்லாமல், காய்ச்சலில் பாதிப்பேர் படுத்திருக்க, இறந்தவனின் ஊரைக் குறிபார்த்துக் கல்லைத் திருப்பி நட்டிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள்.

“அப்பா, இது விளக்குக்கு இல்லை.” அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். “உள்ளே அவங்க ஊர் தெரியுது.”

அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். பிச்சைமணியும் ஒரு துளையில் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கடப்பாரையைக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே சாத்திவிட்டு வந்தார்.

சில துளைகளுக்குக் குனிந்தேன், சிலவற்றுக்கு எம்பினேன். ஏன் உயரம் மாறுகிறது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஒரு கல்லில் துளை என் இடுப்பளவில் இருந்தது. மண்டியிட்டுப் பார்த்தேன். அதுவும் போடிதான். அப்போதுதான் புரிந்தது. அது கண் உயரம். இறந்தவர் எழுந்து நின்று பார்த்தால் ஊர் தெரிய வேண்டும் என்று அவரவர் உயரத்துக்கு அடித்தது. இதன் அடியில் கிடக்கும் பிள்ளைக்கு எத்தனை வயது இருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அத்தை பக்கத்தில் வந்து நின்றாள். துளை அவரவர் கண் உயரம் என்று அவளிடம் சொன்னேன்.

“பொன்னு, தேவாரம் எது எதுல தெரியுது?”

“நாலு கல்லுல. நம்ம ஊரைத்தானே தேடுறோம் அத்தே?”

“நீ அதைத் தேடு ஆத்தா. எனக்குத் தேவாரத்தைக் காட்டு.”

காட்டினேன். நான்கு கல்லின் முன்னாலும் அவள் நேராக நிமிர்ந்து நின்றாள். ஒன்றில் துளை நெற்றிக்கு மேலே, ஒன்றில் மோவாய்க்குக் கீழே. நான்கிலும் தலையை அசைத்துவிட்டு நகர்ந்தாள். முகம் வாடிப்போயிருந்தது. ஏன் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மேட்டிலிருந்து அப்பா கத்தினார்.

“ஏ, வெரசா வாங்க! சிலமலை! நம்ம கரடு தெரியுது!”

அப்பா குனிந்து துளையில் கண்ணை வைத்தபடியே, “அண்ணே, அண்ணே” என்று அழுதார். பிறகு கல்லடியில் ஒரு பிடி மண் எடுத்துப் புதுத்துண்டில் முடிந்தார். சிலமலையிலிருந்து அந்த வேலைக்குப் போனவர்கள் அண்ணனும் தங்கையும் மட்டும்தான். கல் கிடைத்துவிட்டது, சோலி முடிந்தது என்று நினைத்தோம்.

அத்தை கல்லின் முன்னால் வந்தாள். குனியவில்லை, எம்பவில்லை. நின்றபடிக்கே அவள் கண் துளைக்கு நேராக இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப்பு வர இன்னும் நேரமிருந்தது. மிச்சக் கற்களையும் பார்த்துவிடலாம் என்று நான் போனேன். நாளைக்கு இவை இருக்காது. கடைசியில், பெரணிப் புதருக்குள் ஒரு நெடிய கல். துளை எட்டவில்லை. பிச்சைமணி தோண்டிக் குவித்த மண்மேல் ஏறிப் பார்த்தேன்.

எங்கள் கரடு. அதன் அடியில் எங்கள் ஊர்.

“அப்பா, இங்கேயும் சிலமலை தெரியுது.”

அப்பா வந்தார். அவரே குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. பார்த்துவிட்டு, கல்லில் நெற்றியைச் சாய்த்தார்.

“இதுதான்மா அண்ணன். என்னைவிட ரெண்டு வெரக்கடை கூட. நம்ம வீட்டு நெலையில குனிஞ்சு நொழையிற ஒரே ஆளு அவருதான்.”

“அப்போ அங்கே இருக்கிறது?”

அப்பா வேகமாகத் திரும்பி நடந்தார், நான் பின்னால் ஓடினேன். அத்தை இன்னும் அந்தக் கல்லைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

“அக்கா, அண்ணன் கல்லு அங்கிட்டு இருக்கு. இது எவனோ. எவன் மண்ணையோ அள்ளி முடிஞ்சிட்டேன் பாரு.”

துண்டின் முடிச்சை அவிழ்த்து உதறப் போனார். அத்தை அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

“கொட்டாதே தொரை. அவரு தேவாரத்துக்காரரு, என் ஒசரந்தான். சாகையில நம்ம ஊரப் பாத்து நடச் சொல்லியிருக்காரு, எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது. அது ஒன் மச்சான்டா. எனக்குத் தாலி கட்டுனவரு.”